ஓர் ஏரி, ஒன்பது பெறுநர்கள்: கடலூர் மாவட்டச் சிற்றூர் ஒன்றின் நீர்நிலை ஆக்கிரமிப்பு குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

கடலூர் மாவட்டத்தின் மேற்கே, முந்திரித் தோப்புகள் முடிந்து நெல்வயல் தொடங்குகிற இடத்தில் அந்த ஊர் இருக்கிறது. ஊர்ப் பெயரையும் ஆட்களின் பெயரையும் விட்டுவிடுகிறேன். வழக்கில் எதிரெதிராக நின்றவர்கள் இன்றும் ஒரே ரேஷன் கடை வரிசையில் நிற்கிறவர்கள்.

ஊருக்கு ஒரு சித்தேரி உண்டு. அறுபது ஏக்கரை ஒட்டிய ஆயக்கட்டு, அதாவது அதன் நீரால் பாசனம் பெறும் நிலம். தமிழ்நாட்டில் நூறு ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டு உள்ள ஏரிகள் பொதுப்பணித் துறையிடம் (இன்றைய நீர்வளத் துறையிடம்) இல்லை. ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் இருக்கின்றன. இந்தச் சின்ன விவரம் தெரியாததால் ஐந்து மாதங்களை இழந்தோம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

2021 நவம்பரில் தென்பெண்ணையும் கெடிலமும் பெருகிய அந்த மழையில் ஏரி நிரம்பியது. ஏரியின் உபரிநீர் வெளியேறும் கலங்கல் வழியே வழிந்த தண்ணீர் போக வேண்டிய வாய்க்கால் அடைபட்டிருந்தது. தண்ணீர் திரும்பி வந்து, தாழ்வாக இருக்கும் காலனித் தெருவில் ஆறு நாள் நின்றது. பதினொரு மண்சுவர் வீடுகள் விழுந்தன. சம்பாப் பயிர் அழுகியது. உயிர்ச்சேதம் இல்லை.

நான் ஓய்வுபெற்ற சமூக அறிவியல் ஆசிரியர். சட்டமன்றம், நிர்வாகம், நீதிமன்றம் என்று முப்பது வருடம் கரும்பலகையில் மூன்று கட்டம் போட்டுக் காட்டியவன். ஊரில் மனு எழுதித் தருகிற வேலையும் என்னிடமே வந்தது. இந்த ஆய்வில் தவறுகள் என்று நான் குறிப்பிடுபவற்றில் பாதி என் பேனாவிலிருந்து போனவை.

முதலில் கண்டவை

கிராமக் கணக்கில் 'ஏரி புறம்போக்கு', 'வாய்க்கால் புறம்போக்கு' என்று இருந்த இடங்களில் இருபத்து மூன்று ஆக்கிரமிப்புகளைக் கணக்கெடுத்தோம். வரத்து வாய்க்காலின் கரையில் பதினேழு வீடுகள், ஏரியின் உள்வாயில் (நீர் தேங்கும் பகுதியில்) ஐந்து சாகுபடித் துண்டுகள், கலங்கலுக்குக் கீழே போக்கு வாய்க்காலை மறித்துக் கட்டிய முந்திரிக்கொட்டை உடைக்கும் கூடத்தின் சுற்றுச்சுவர். வெள்ளத்துக்கு நேரடிக் காரணம் அந்தச் சுவர்தான். பதினேழு வீட்டுக்காரர்களில் பெரும்பாலோர் அந்தக் கூடத்திலேயே கூலி வேலை பார்ப்பவர்கள்.

எல்லோரிடமும் ஏதோ ஒரு காகிதம் இருந்தது. வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு அட்டை, சிலரிடம் பி மெமோ. பி மெமோவைப் பட்டாவுக்குச் சமமாக நினைத்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார்கள். ஆக்கிரமித்திருக்கிறாய் என்று அரசு எழுதிக் கொடுத்துத் தண்டத் தீர்வை வாங்கிய சீட்டு அது. அதை உரிமைப் பத்திரமாக நம்பி ஒரு குடும்பம் இருபது வருடம் வாழ்ந்திருக்கிறது என்பதை நேரில் பார்த்தபோது எனக்கு மனம் கனத்துவிட்டது.

இன்னொன்றையும் குறித்துக்கொண்டேன். வாய்க்கால் கரையில் அந்தப் பதினேழு வீடுகளுக்கும் போகும் சிமெண்ட் சாலை, சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதியில் போடப்பட்டது. சட்டம் இயற்றும் அவையைச் சேர்ந்தவர் நிர்வாகத்தின் பணத்தைக் கையாளலாமா என்பது பழைய கேள்வி. நாடாளுமன்ற உறுப்பினர் நிதியைப் பொறுத்தவரை, அது அதிகாரப் பிரிவினைக்கு முரணாகாது என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் 2010இல் தீர்ப்பளித்திருக்கிறார்கள். சட்டப்படி சரி. ஆனால் சாலை போட்டுத் தந்தவரிடமே அந்த வீடுகளை எடுக்கச் சொல்லி நாங்கள் மனுக் கொடுத்தோம் என்பதும் உண்மை.

முதல் முடிவு: ஒரே மனு, ஒன்பது பேருக்கு

2021 டிசம்பரில் மனு போனது. முதலமைச்சரின் தனிப்பிரிவு, மாவட்ட ஆட்சியர், கோட்டாட்சியர், வட்டாட்சியர், நீர்வளத் துறைப் பொறியாளர், வட்டார வளர்ச்சி அலுவலர், காவல் நிலையம், சட்டமன்ற உறுப்பினர், ஊராட்சித் தலைவர். 'பெறுநர்' பகுதியே அரைப் பக்கம். கோரிக்கை எல்லோருக்கும் ஒன்றுதான்: "ஆக்கிரமிப்புகளை உடனடியாக அகற்றித் தர வேண்டுகிறோம்."

அப்போது எங்கள் எண்ணம் எளிமையானது. ஒன்பது பேரில் ஒருவராவது செய்வார். நடந்தது வேறு. மேலே போன ஒவ்வொரு பிரதியும் "உரிய நடவடிக்கைக்கு அனுப்பப்படுகிறது" என்ற முத்திரையோடு ஒவ்வொரு படியாக இறங்கி, கடைசியில் எல்லாம் ஒரே கிராம நிர்வாக அலுவலரின் மேசைக்கு வந்தன. அவருக்கோ அகற்றும் அதிகாரம் கிடையாது. அறிக்கை மட்டுமே தரலாம்.

மனுவில் நான் மேற்கோள் காட்டியது 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம். அந்தச் சட்டம் பொதுப்பணித் துறையின் கட்டுப்பாட்டில் உள்ள ஏரிகளை வைத்து எழுதப்பட்டது. இந்த ஏரி எங்களுடையதன்று என்று நீர்வளத் துறை பதில் எழுதியபோது ஐந்து மாதம் ஓடியிருந்தது. எங்களுக்குப் பொருந்தக்கூடியது அதைவிட மிகப் பழைய சட்டம், 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம். பிரிட்டிஷ் காலத்தில் சென்னை மாகாணத்துக்காக எழுதப்பட்டு இன்றும் நடைமுறையில் இருப்பது. அதன்படி நடவடிக்கை எடுக்க வேண்டியவர் வட்டாட்சியர்.

2022 மே 1 கிராம சபையில் தீர்மானம் போட்டோம். மறுபடியும் அதே வாசகம், அதே ஒன்பது பிரதிகள்.

ஒரு வெள்ளிக்கிழமை

2022 ஆகஸ்டில் சட்டமன்ற உறுப்பினர் ஊருக்கு வந்தார். காலனிப் பெண்கள் சூழ்ந்துகொண்டு அழுதார்கள். எங்கள் கண்முன்னேயே கைபேசியில் பேசினார். வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஜேசிபி வந்துவிட்டது.

பதினோரு மணிக்குள் மூன்று வீடுகளும் நான்கு வேலிகளும் போய்விட்டன. முந்திரிக் கூடத்தின் சுவர் பக்கம் வண்டி போகவே இல்லை. நானும் அங்கே நின்றேன். வீட்டுச் சாமான்களை ஒரு கிழவி தெருவில் அடுக்கிக்கொண்டிருந்தார். "நோட்டீஸ் குடுத்தாங்களாம்மா?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற எங்கள் தரப்பு விவசாயி ஒருவர்தான் சொன்னார்: "சட்டம் போடுறவரே சொல்லிட்டாரு. அப்பறம் நோட்டீஸ் எதுக்கு வாத்தியாரே?"

இந்த வழக்கு முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது என்று பின்னால் புரிந்தது. சட்டம் இயற்றுவது ஓர் அவை. அதுவும் கூடி விவாதித்து, வாக்கெடுத்து, ஆளுநரின் ஒப்புதல் பெற்று. அந்த அவையின் தனி உறுப்பினர் ஒருவரின் தொலைபேசி அழைப்பு சட்டமாகாது. சட்டமன்றம் நினைத்தால் 1905ஆம் ஆண்டின் சட்டத்தையே மாற்றி எழுதலாம்; நிலமும் நீரும் மாநிலப் பட்டியலில்தான் இருக்கின்றன. ஆனால் அந்தச் சட்டத்தின் கீழ் ஒரே ஒரு வேலியை அகற்றச் சொல்லி ஆணையிட உறுப்பினருக்கு அதிகாரம் இல்லை. ஆணையிடும் அதிகாரம் உள்ள வட்டாட்சியரோ அன்று எந்த ஆணையும் பிறப்பித்திருக்கவில்லை.

அன்று இதையெல்லாம் நான் வாய் திறந்து சொல்லவில்லை. காலனியில் தண்ணீர் நின்ற ஆறு நாளை நினைத்துக்கொண்டு பேசாமல் நின்றேன்.

இடைக்காலத் தடை

பத்து நாளில் சென்னை உயர் நீதிமன்றத்தில் இரண்டு ரிட் மனுக்கள் தாக்கலாயின. ஒன்று வீட்டுக்காரர்களுடையது, மற்றொன்று முந்திரிக் கூடத்தின் உரிமையாளருடையது. இரண்டிலும் இடைக்காலத் தடை கிடைத்தது.

ஊரே கொதித்தது. நீதிமன்றம் ஆக்கிரமிப்பாளர் பக்கம் சாய்ந்துவிட்டது என்று பேசினார்கள். உத்தரவைக் கையில் வாங்கிப் படித்தபோது அப்படி ஒரு வரியும் இல்லை. நிலம் யாருடையது என்ற கேள்விக்குள் நீதிமன்றம் போகவே இல்லை. கேட்டது ஒன்றே ஒன்று: எந்த ஆணையின்பேரில் இடித்தீர்கள்? 1905ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவுப்படி விளக்கம் கேட்கும் அறிவிப்பு கொடுத்த பிறகே 6ஆம் பிரிவின் கீழ் வெளியேற்ற முடியும். அரசுத் தரப்பில் அறிவிப்பும் இல்லை, ஆணையும் இல்லை. தடை வராமல் என்ன செய்யும்?

பொது இடத்தில் குடியிருப்பவருக்கு அங்கேயே தங்கும் உரிமை இல்லாவிட்டாலும், அகற்றுமுன் அவர் சொல்வதைக் கேட்டாக வேண்டும் என்பது 1985இல் மும்பை நடைபாதைவாசிகள் வழக்கிலேயே முடிவான விஷயம். எங்களுக்கு ஆதரவாக நாங்கள் கைவசம் வைத்திருந்த தீர்ப்பு, பஞ்சாப் கிராமம் ஒன்றின் குளத்தைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரியில் தந்தது. கிராமப் பொதுநிலங்களை மீட்கத் திட்டம் வகுக்குமாறு எல்லா மாநிலங்களுக்கும் அதில் உத்தரவு இருக்கிறது. அதே பத்தியில், அறிவிப்புக் கொடுத்து, சுருக்கமாகவேனும் விசாரித்த பிறகே வெளியேற்ற வேண்டும் என்றும் இருக்கிறது. மனுவில் முதல் பாதியை எழுதினேன், இரண்டாம் பாதியை விட்டுவிட்டேன்.

அந்த ஒரு வெள்ளிக்கிழமைக்கு விலையாகப் பதினான்கு மாதங்கள் போயின.

இரண்டாம் முடிவு: யாரிடம் எதைக் கேட்பது

இந்த இடைவெளியில் ஒரு வழக்கறிஞரை அமர்த்தினோம். பண்ருட்டிப் பக்கத்துக்காரர், சென்னையில் தொழில். கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு அவர் சொன்னது: "சார், இடிக்கச் சொல்லிக் கேக்காதீங்க. அளக்கச் சொல்லிக் கேளுங்க."

எனக்கு அது பின்வாங்குவது போலத் தோன்றியது. ஊர்க் கூட்டத்தில் பலருக்கும் அப்படியே. இரண்டு மாலை இதைப் பற்றியே பேசினோம். அவருடைய காரணம் இது. அரசியலமைப்பின் 226ஆம் பிரிவின் கீழ் உயர் நீதிமன்றம், ஓர் அதிகாரி தன் சட்டக் கடமையைச் செய்யாதபோது 'செய்' என்று கட்டளையிடும். அந்த அதிகாரியின் நாற்காலியில் தானே உட்கார்ந்து வேலையைச் செய்யாது. எந்தக் கல் எந்தச் சர்வே எண்ணில் நிற்கிறது என்பது ரிட் மனுவில் தீரக்கூடிய கேள்வியன்று. அளவு எடுக்க வேண்டியவர் சர்வேயர், அறிவிப்புக் கொடுத்து ஆட்சேபணை கேட்டு முடிவெடுக்க வேண்டியவர் வட்டாட்சியர், அந்த முடிவு சட்டப்படி எடுக்கப்பட்டதா என்று பார்ப்பது நீதிமன்றம். இடிக்கும்படி உத்தரவு கேட்டால் நடுவில் இருக்கும் இரண்டு படிகளையும் தாண்டச் சொல்கிறோம், நீதிமன்றம் தாண்டாது. அளக்கும்படி கேட்டால் முதல் படியில் ஏற ஒருவரைக் கட்டாயப்படுத்துகிறோம்.

நம் நாட்டில் இந்த மூன்று கிளைகளும் சுவர் வைத்துப் பிரிக்கப்பட்டவை அல்ல என்பதை வகுப்பில் நான் சொல்லாமல் விட்டிருக்கிறேன். அமைச்சர்கள் சட்டமன்றத்திலிருந்தே வருகிறார்கள். வட்டாட்சியர் ஆட்சேபணையைக் கேட்டுத் தீர்ப்பது போல முடிவெடுக்கிறார், பிறகு அதை நிறைவேற்றுவதும் அவரே. முழு இறுக்கமான பிரிவினையை நம் அரசியலமைப்பு ஏற்கவில்லை, ஆனால் ஒவ்வொரு கிளைக்கும் உரிய வேலை போதிய அளவு வகுக்கப்பட்டிருக்கிறது என்று உச்ச நீதிமன்றம் 1955இலேயே சொல்லியிருக்கிறது. அறிவிப்பு, கேட்பு, மேல்முறையீடு என்ற படிகள் இவ்வளவு முக்கியமாவது இதனால்தான். விசாரிப்பவரும் நிறைவேற்றுபவரும் ஒருவரே ஆகும்போது, அவருக்கு மேலே பார்க்க இன்னொரு கண் வேண்டியிருக்கிறது.

எனவே ஒன்பது பெறுநர் மனுவைக் கைவிட்டோம். வட்டாட்சியருக்கு எழுதியது: அளந்து, ஒவ்வொருவருக்கும் 7ஆம் பிரிவு அறிவிப்புக் கொடுங்கள். வட்டார வளர்ச்சி அலுவலருக்கு: ஏரி ஒன்றியத்துக்குச் சொந்தம் என்று எழுத்தில் உறுதி செய்யுங்கள், அது நீர்வளத் துறையின் பதிலை முடித்து வைத்தது. சட்டமன்ற உறுப்பினரிடம் இம்முறை ஜேசிபி கேட்கவில்லை. வீடு இழக்கப் போகிறவர்களுக்கு மனைப் பட்டாவும், வாய்க்கால் கரையில் இனி ஒரு ரூபாய் நிதியும் ஒதுக்குவதில்லை என்ற உறுதியும் கேட்டோம். முதலாவதற்கு அவர் உண்மையாகவே உழைத்தார் என்பதைப் பதிவு செய்ய வேண்டும். உயர் நீதிமன்றத்தில், நடந்துகொண்டிருந்த வழக்குகளில் எங்களையும் ஒரு தரப்பாகச் சேர்க்கக் கோரினோம்.

நீதிமன்ற உத்தரவும் அளவையும்

2023 அக்டோபரில் மனுக்கள் முடித்து வைக்கப்பட்டன. பன்னிரண்டு வாரத்துக்குள் எல்லாத் தரப்புக்கும் தெரிவித்து அளக்க வேண்டும், ஆட்சேபணைகளைக் கேட்டுச் சட்டப்படி ஆணை பிறப்பிக்க வேண்டும், அதுவரை இருக்கும் நிலை தொடர வேண்டும். "தீர்ப்பு நமக்கா, அவங்களுக்கா?" என்று பேருந்து நிறுத்தத்திலேயே கேட்டார்கள். யாருக்கும் இல்லை, வட்டாட்சியருக்கு என்றேன்.

பன்னிரண்டு வாரம் கடந்தது. சர்வேயர் கிடைக்கவில்லை, பிறகு 2024 ஏப்ரல் 19 மக்களவைத் தேர்தல், வருவாய்த் துறை முழுவதும் தேர்தல் பணியில். நீதிமன்ற அவமதிப்பு மனுப் போடலாமா என்று யோசித்தோம். 1971ஆம் ஆண்டின் சட்டப்படி அதற்கு ஒரு வருடக் காலவரம்பு உண்டு. வழக்கறிஞர் அறிவிப்பு மட்டும் அனுப்பிவிட்டு, தேர்தல் முடியும்வரை பொறுத்தோம். இதில் ஊரில் கருத்து வேறுபாடு இருந்தது, இன்றும் இருக்கிறது. அதிகாரியைக் கூண்டில் நிறுத்துவதைவிட அளவை நடப்பது முக்கியம் என்பது என் எண்ணம்.

மே மாதம் இரண்டு நாள் அளந்தார்கள். புல வரைபடத்தை விரித்து, பழைய எல்லைக்கல் ஒன்றைத் தேடிக் கருவேலம் புதரை வெட்டினார்கள். முடிவு எங்களைத் தூக்கிவாரிப் போட்டது. நாங்கள் ஆக்கிரமிப்பு என்று எழுதிய பதினேழு வீடுகளில் நான்கு, வாய்க்கால் புறம்போக்கிலேயே இல்லை. ஊர்க் குடியிருப்புக்கான நிலமான கிராம நத்தத்தில் இருந்தன. வாய்க்கால் அந்த இடத்தில் வளைந்து போயிருக்கிறது. அறுபது எழுபது வருடத்துக்கு முந்தைய வளைவு. நாங்கள் கண்ணால் பார்த்து நேர்க்கோடு போட்டிருக்கிறோம்.

அந்த நான்கில் ஒன்று, வெள்ளிக்கிழமை இடித்த மூன்று வீடுகளில் ஒன்று. தெருவில் சாமான் அடுக்கிக்கொண்டிருந்த கிழவியின் வீடு.

பின்விளைவுகள்

அறிவிப்புகள் போயின, ஆட்சேபணைகள் வந்தன, ஜூலையில் ஆணைகள் வெளியாயின. உள்வாயில் சாகுபடி செய்த ஐந்து பேரும் அறுவடை முடித்துத் தாங்களே விட்டுக் கொடுத்தார்கள். முந்திரிக் கூடத்தின் உரிமையாளர் ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்தார். வரி ரசீதும் பி மெமோவும் காட்டினார், தள்ளுபடி. மறுபடியும் உயர் நீதிமன்றம் போனார். அதே மனிதர், அதே சுவர், அதே நீதிமன்றம். 2022இல் அவருக்கு ஒரே நாளில் தடை கிடைத்தது. இம்முறை அறிவிப்பு, அளவை, கேட்பு, காரணம் எழுதிய ஆணை, மேல்முறையீட்டு முடிவு எல்லாம் கோப்பில் வரிசையாக இருந்தன. தடை கிடைக்கவில்லை. 2024 அக்டோபரில் சுவர் இறங்கியது.

மீதிப் பதின்மூன்று வீடுகளில் ஒன்பது குடும்பங்களுக்கு இரண்டு கிலோமீட்டர் தள்ளி மனைப் பட்டா கிடைத்து மாறினார்கள். நான்கு குடும்பங்கள் போகவில்லை. கூடத்து வேலைக்கும் பள்ளிக்கும் நடந்து போகும் தூரம் போய்விடும் என்கிறார்கள். அவர்கள் சொல்வதில் பொய் ஒன்றும் இல்லை.

நவம்பர் 13 அன்று, கட்டட இடிப்புகள் பற்றி உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புத் தந்தது. நிர்வாகம் தானே நீதிபதியாக முடியாது, பதினைந்து நாள் அறிவிப்பு இல்லாமல் இடிக்கக் கூடாது என்று செய்தித்தாளில் படித்துவிட்டு, அந்த நான்கு குடும்பங்களில் ஓர் இளைஞர் என்னிடம் ஓடி வந்தார். "இனிமே எங்கள ஒண்ணும் பண்ண முடியாதுல்ல சார்?" தீர்ப்பை முழுதும் படித்துப் பார்த்துவிட்டு உண்மையைச் சொன்னேன். சாலை, நடைபாதை, ஆறு, நீர்நிலை போன்ற பொது இடங்களில் உள்ள கட்டுமானங்களுக்கு அந்த வழிகாட்டுதல்கள் பொருந்தாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. ஆனால் 1905ஆம் ஆண்டுச் சட்டத்தின் அறிவிப்பும் மேல்முறையீடும் அவருக்கு அப்படியே இருக்கின்றன. மேல்முறையீட்டு மனுவை நானே எழுதிக் கொடுத்தேன். எங்கள் தரப்பில் சிலருக்கு அதில் வருத்தம்.

இரண்டு வாரம் கழித்து ஃபெஞ்சல் புயல். டிசம்பர் முதல் வாரம் கடலூர் மாவட்டமே தண்ணீரில் கிடந்தது. ஏரி நிரம்பி வழிந்தது. காலனித் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் ஒரு நாள் நின்று, மறுநாள் போக்கு வாய்க்கால் வழியே வடிந்தது. சுவர் இருந்த இடத்தில் நின்று பார்த்தேன்.

மாற்றிச் செய்திருக்க வேண்டியவை

முதல் மனுவுக்கு முன்பே ஏரி யாருடைய பொறுப்பில் இருக்கிறது, எந்தச் சட்டம் பொருந்தும் என்று பார்த்திருக்க வேண்டும். ஒன்றிய அலுவலகத்தில் ஒரு நாள் உட்கார்ந்திருந்தால் தெரிந்திருக்கும். ஆக்கிரமிப்பாளர் பட்டியலை நாங்களே போட்டிருக்கக் கூடாது. அளந்து சொல்லுங்கள் என்று மட்டும் கேட்டிருக்க வேண்டும். பெயர் எழுதிக் கொடுத்தது நான்.

ஜேசிபி வந்த அன்று ஆணையைக் காட்டுங்கள் என்று கேட்டிருக்க வேண்டியவர்கள் வீட்டுக்காரர்கள் மட்டுமல்லர், நாங்களும்தான். எங்கள் கோரிக்கை நிறைவேறுகிற நேரத்தில் அந்தக் கேள்வி வாயில் வரவில்லை. வீட்டுமனைக்கான முயற்சியையும் அளவைக்கு முன்பே தொடங்கியிருந்தால், நான்கு குடும்பங்களுக்கும் பக்கத்திலேயே இடம் தேட நேரம் இருந்திருக்கும்.

இப்போதைய நிலை

2025 ஜனவரி 5 அன்று ஊராட்சித் தலைவரின் பதவிக்காலம் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலரிடம் போனது. வரத்து வாய்க்காலைத் தூர்வாரும் தீர்மானம் அவருடைய கோப்பில் இருக்கிறது. நான்கு குடும்பங்களின் மேல்முறையீடு நிலுவையில் இருக்கிறது.

நத்தத்தில் இருந்த வீட்டை இழந்த அந்தக் கிழவி இப்போது மகள் வீட்டுத் திண்ணையில் இருக்கிறார். இழப்பீடு கேட்டு அவருக்காக எழுதிய மனுவில் பெறுநர் ஒருவர்தான். வீடு இடிந்ததற்கு ஆதாரமாக என்ன இணைப்பது என்று கேட்டேன். இடித்த அன்று மகள் கைபேசியில் எடுத்த படம் ஒன்றைக் காட்டினார். படத்தின் ஓரத்தில், கையைக் கட்டிக்கொண்டு, நான் நிற்கிறேன். அதையே இணைத்தேன்.